காதறுந்தவளைப் பார்க்கப் போன வண்டி

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் கால் போனது. வலது கால், முட்டிக்குக் கீழே. அதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி வேறு ஆட்களும் இருக்கிறார்கள். போன காலுக்காக அவர் அழுததுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் விசாரித்தது மானைப் பற்றித்தான்.

தாம்பரத்துக்குப் பக்கத்தில், பெரிய மதில் போட்ட ஒரு வளாகத்தில் அவர் வாட்ச்மேனாக இருந்தார். பெயர் எதற்கு? உள்ளே நாலைந்து கட்டடம், மீதியெல்லாம் முள்ளுக்காடு. பனை, காரை, வேலம், சூராமுள். அந்தக் காட்டுக்குள் புள்ளிமான் கூட்டம் இருக்கிறது. வெளியே பஸ் ஓடும், எலக்ட்ரிக் ட்ரெயின் ஓடும், மேலே விமானம் தாழப் பறந்து மீனம்பாக்கம் போகும். உள்ளே அது பாட்டுக்கு மான் மேயும். புதிதாகக் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். இங்கேயே கிடக்கிற எங்களுக்கு அது மாடு மாதிரி.

அதில் ஒரு பெட்டை மான் மட்டும் அவருக்கு வேறு. குட்டியாக இருந்தபோது தெருநாய்கள் மதில் சந்து வழியாக நுழைந்து அதன் இடது காதைப் பாதியாகப் பிய்த்துவிட்டன. இவர்தான் கம்பைச் சுழற்றி நாய்களை விரட்டி, குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். ஆபீசில் சொல்லி, மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டு, அவர்கள் சொன்னபடி வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால் வைத்துப் பால் கொடுத்தார். ஆட்டுப்பால் நான் இங்கிருந்து சொம்பில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிறகு அது கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டது. ஆனால் இவர் நாக்கை அண்ணத்தில் தட்டி டொக், டொக் என்று ஒரு சத்தம் கொடுப்பார். அதற்கு மட்டும் நின்று திரும்பிப் பார்க்கும். காதறுந்தவள் என்றுதான் அதைச் சொல்வார். சொல்லும்போது குரலே குழையும். இத்தனை வருஷத்தில் என்னை அப்படி ஆசையாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் எப்போதும் 'இன்னாமே'தான்.

கால் போனதைக் கேள்விப்பட்டு, அவருடைய வேலைக்கு வந்த புது வாட்ச்மேன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்.

"எப்டி கீறண்ணா?"

"தோ, கீறேன். மானுங்கோ எப்டி கீது?"

"அத்த இன்னாத்த சொல்றது. புயல்ல தெக்கால மதிலு வுயுந்துச்சில்ல? அந்த வயியா நாயிங்கோ பூந்து ஒரு பெட்டைய அட்ச்சிடுச்சிண்ணா."

"எந்தப் பெட்டைய?"

"எனுக்கு எப்டிண்ணா தெரியும்? எல்லாம் அதே புள்ளி, அதே மூஞ்சி."

"காதப் பாத்தியா? காது?"

"நான் போறதுக்குள்ள மூஞ்சே இல்லண்ணா."

அந்த மனுஷர் பாவம், உள்ளதைச் சொன்னார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கால் போனபோது படுக்காத மாதிரி படுத்தார். கஞ்சி கொடுத்தால் ரெண்டு வாய். பேச்சுக் கொடுத்தால் ஒன்றுமில்லை. இருந்துவிட்டு ஒருமுறை, "அதுவா இருக்குமா?" என்பார். என்னைக் கேட்கிறாரா, சுவரைக் கேட்கிறாரா, தெரியாது.

எங்கள் மகள் கீழ்க்கட்டளையில் இருக்கிறாள். அவள் தன் பழைய ஸ்கூட்டிக்குப் பின்னால் ரெண்டு பக்கமும் சைடு வீல் வைத்து, சீட்டை அகலமாக்கி, அப்பாவுக்கென்று கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அவர் கட்டிலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"இன்னாது இது, நடவண்டி மாறி கீது? நான் இன்னா தவழ்ற கொயந்தையா?"

"நைனா, எல்லாரும் ஓட்டறாங்க நைனா."

"எல்லாரும் ஓட்டட்டும். நான் இதுல குந்த மாட்டேன்."

அவள் விடாமல் அந்த வாட்ச்மேனிடம் சொல்லி, மான்களைச் செல்போனில் போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னாள். வந்தது. சர்க்கரை அவர் கண்ணிலும் கொஞ்சம் மேகம் போட்டுவிட்டது. போட்டோவை மூக்கருகில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இதுல காது எங்க கீது? எல்லாம் வாலுதான் கீது."

உண்மைதான். வாட்ச்மேன் செருப்புச் சத்தம் கேட்டதுமே எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தன.

சமையல்கட்டில் மகள் என் காதோடு சொன்னாள்: "ம்மா, நீ போய் பாத்துட்டு வந்தேன், நல்லா கீதுன்னு சொல்லிடேன். நீ சொன்னா நம்புவாரு."

"நம்புவாரு. அதான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவருடைய கண்ணுக்கு அது தெரிய வேண்டுமென்றால் கிட்டத்தில் போக வேண்டும். ஒரு பனைமர உயர தூரத்துக்குள் போனால்தான் அவருக்கு உருவம் துலங்கும். இவரால் நடக்க முடியாது. தூக்கிக்கொண்டு நாலு பேர் நடந்தால் மான் நிற்காது. யோசித்தேன். வாசலில் வண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

நான் சித்தாளாக வேலை பார்த்தவள். முடிச்சூரில் இன்றைக்கு மாடி மாடியாக நிற்கிற வீடுகளில் பாதிக்கு என் தலையில்தான் கல் ஏறியது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் சாரத்தில் பலகை போட்டு நடக்கச் சொன்னால் கீழே பார்க்காமல் நடப்பேன். இந்தச் சின்ன வண்டிக்கா பயப்படுவேன்? நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார் என்று சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சுவரை விட்டுத் திரும்பினார்.

"நீயா?"

"நாந்தான். மானப் பாக்கணுமா வேணாவா?"

முடிச்சூரில் இன்னும் கட்டடம் வராத மனைகள் பக்கம் மகள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நாலு சக்கரம் என்பதால் விழவில்லை. ஆனால் வளைவில் வண்டி நான் சொன்ன பக்கம் வராது. ஒரு எல்லைக்கல்லை இடித்தேன். ஒரு வீட்டுக் கோலத்தின்மேல் போனேன். தண்ணீர்க் குடத்தோடு நின்ற பொம்பளைகள் விடுவார்களா?

"இன்னா ஆயா, அப்பால ஏரோப்ளேனா?"

"ஆமா. உன்ன ஏத்திகினு போய் கடல்ல தள்றதுக்கு."

மெயின் ரோட்டுக்கு இந்த வண்டியை நான் கொண்டுபோனதில்லை. தேவையும் இல்லை. எங்கள் தெரு முனையிலேயே வளாகத்தின் கிழக்குக் கேட் இருக்கிறது. ஆபீசில் இருந்த அம்மா நல்ல மாதிரி. காலையில் மட்டும் வரலாம், பாதையை விட்டு இறங்கக் கூடாது, மானுக்கு எதுவும் போடக் கூடாது என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

முதல் நாள் போனதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எத்தனையோ மாதம் கழித்து அவரோடு வெளியே போகிறேன். கஞ்சி போட்ட வாயல் புடவை கட்டினேன், தலையில் மல்லிகை வைத்தேன், கை நிறையக் கண்ணாடி வளையல். இல்லாத கால் விரலில் குடைச்சல் என்று அவர் தொடையெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டார். மகள் ஆசையாக வண்டி ஹேண்டிலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தாள். சைடு வீலின் இரும்புப் பட்டை ஒவ்வொரு குழியிலும் கடகடவென்று அடித்தது. கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி காட்டுக்குள் போனோம்.

உள்ளே பழைய பரண் ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கொருமுறை மான் எண்ணுகிறவர்கள் ஏறி உட்காருவதற்காக இரும்பில் கட்டியது. இவர் அதில் எத்தனையோ காலை உட்கார்ந்திருக்கிறார். அதற்கு எதிரே சிமென்ட்டுத் தொட்டி. வெயில் ஏறும் முன் மான்கள் தண்ணீருக்கு அங்கேதான் வரும். பரணுக்குத் தள்ளி, பாதை திரும்புகிற இடத்தில் அவர் என் தோளைத் தட்டினார்.

"நிறுத்து. சாவிய அணை. இனிமே சத்தமே இருக்கக் கூடாது."

அவர் காலமெல்லாம் நடந்து போய்ப் பார்த்தவர். சத்தம் கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த பாடம். நான் சாவியைத் திருப்பினேன். டக்கென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்தது. ஒரு கிடா முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டியது. கீச்சென்று ஒரு குரல். நான் புடவையைச் சரிசெய்தேன், அது மொடமொடவென்றது. அவ்வளவுதான். வெள்ளை வால்கள் எழும்பின, புதர் அசைந்தது, பிறகு தொட்டியில் காக்கா மட்டும் இருந்தது.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். வந்து கட்டிலில் உட்கார்ந்துதான் ஆரம்பித்தார்.

"பூ வெச்சிகினு வந்திருக்கா. மான் இன்னா உன்ன பொண்ணு பாக்கவா வருது?"

"நீ மட்டும்? மருந்துக் கடையே வர மாறி இருந்துச்சி உன் வாசன."

எனக்குக் கோபம். ஆனால் அவர் பேசினாரே என்று மனசுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்கு ஒரு தட்டு சோறு முழுசாகச் சாப்பிட்டார்.

மறுநாள் பூ இல்லை. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் புடவை. எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தேன். சைடு வீல் பட்டைக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினேன், கடகடப்பு அடங்கியது. அவர் தைலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இல்லாத விரலை நினைத்துத் தொடையைப் பிசைந்துகொண்டே வந்து வண்டியில் ஏறினார். ஏறியதும் என் கையைப் பார்த்தார்.

"வளையல கயட்டு."

"மாட்டேன்."

"ஜலங்கு ஜலங்குனு அட்ச்சிகினே வருது. கயட்டுமே."

"நீ உசுரோட கீறப்ப நான் இன்னாத்துக்குய்யா கைய மொட்டையாக்கணும்? மான் ஓடனா ஓடட்டும்."

ஆஸ்பத்திரியில் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த வளையல்களைத்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் காலில் கட்டுகிற க்ரேப் பேண்டேஜ் ஒன்று துவைத்துச் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துவரச் சொன்னார். என் கையைத் தன் மடியில் வைத்து, வளையல்களை மேலேற்றி, ஒன்றோடொன்று மோதாமல் சுற்றிக் கட்டினார். நர்ஸ் கட்டுகிற மாதிரி, இறுக்காமல், மடிப்பு விழாமல். இன்னொரு கையும் கேட்டார். கொடுத்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இப்ப ஆட்டு."

ஆட்டினேன். சத்தமே இல்லை.

இவ்வளவும் செய்து போனோம். அதே இடத்தில் வண்டியை அணைத்தோம். அன்றைக்கும் மான்கள் ஓடின.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாசனை இல்லை, வளையல் இல்லை, கடகடப்பு இல்லை. காலையில் காற்று மேற்கிலிருந்து வரும், மத்தியானத்துக்கு மேல்தான் கடல் காற்று திரும்பும். நாங்கள் கிழக்கிலிருந்து போகிறோம், எங்கள் வாடை மானுக்குப் போகாது. அதுவும் சரி. அப்புறம் என்ன?

திரும்பலாம் என்று நான் நினைத்தபோதுதான் தண்ணீர் டிராக்டர் வந்தது. தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற டிராக்டர். டாங்கர் தகரம் அதிர, புகை கக்கிக்கொண்டு, ஊரையே எழுப்புகிற சத்தத்தில் எங்களைத் தாண்டிப் போனது. ஓடிப் போன மான்களில் சில தூரத்து வேலமரத்தடியில் நின்றிருந்தன. அவை டிராக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று தன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. டிராக்டர் போய்க்கொண்டே இருந்தது, அவையும் மேய்ந்துகொண்டே இருந்தன. மரத்துக்குத் தள்ளி டிராக்டர் என்ஜின் நின்றது, தலைகள் நிமிர்ந்தன. டிரைவர் ஒண்ணுக்குப் போகக் கீழே குதித்தார். கால் தரையில் பட்டதுதான். அத்தனையும் பறந்தன.

அவர் என் முதுகில் பட்டென்று அடித்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சத்தம் இல்லமே. சத்தம் நிக்கறதுதான். நின்னா எவனோ எறங்கறான்னு அதுக்குத் தெரிஞ்சிகீது. நான் ஒரு மடையன், அணை அணைன்னு சொல்லிகினு இருந்தேன்."

"நான் மட்டும் இன்னா, சொன்னதும் அணைச்சேனே."

தலைக்கு மேல் அப்போது ஒரு விமானம் போனது. அதற்கும் எந்த மானும் நிமிர்ந்ததாக இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம்தான். தெரிந்தது உதவுகிற இடத்தில் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் மானைப் பார்க்கப் போகவில்லை. சுற்றப் போனோம். தினமும் காலையில், அதே நேரத்துக்கு, அதே பாதையில், ஒரே வேகத்தில் போவோம். பரணைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, மேற்குப் பக்கமாகச் சுற்றி வெளியே வந்துவிடுவோம். நிறுத்துவதில்லை, இறங்குவதில்லை, திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. மானுக்கு நாங்கள் இன்னொரு டிராக்டர் ஆக வேண்டும். முதலில் நாலு தப்படி தள்ளி நின்றன. பிறகு தலையை மட்டும் தூக்கின. பிறகு ஒரு கிடா காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டு மேய்ந்தது. அதைப் பார்த்ததும் அவர் என் தோளை அழுத்தினார். எனக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சிரிக்காமல் ஓட்டினேன்.

போகிற வண்டியிலிருந்து அவருக்கு எதுவும் தெரியாது. பழுப்பாக ஏதோ அசைகிறது என்பார். "எதுனா தலைய ஆட்டுதா பாரு" என்பார். அரைக்காது இருக்கிற மான் காதால் ஈ ஓட்ட முடியாது, தலையையே சிலுப்பும், அதுதான் அடையாளம் என்று எனக்குச் சொல்லியிருந்தார். நான் பாதையைப் பார்ப்பேனா, மானைப் பார்ப்பேனா? பார்த்தவரையில் ஒன்றும் ஆட்டவில்லை. ஆட்டவில்லை என்றுதான் சொன்னேன். ராத்திரிச் சாப்பாடு மறுபடி குறைய ஆரம்பித்தது. "நாயி அட்ச்சது அதுதான்மே" என்று ஒருநாள் தட்டைத் தள்ளினார்.

"பாக்காம சொல்லாத" என்றேன். "நாளிக்கி நிறுத்திப் பாப்போம்."

"ஓடிடும்."

"அணைக்காம நிறுத்துவோம்."

மறுநாள் வானம் மூடியிருந்தது. பரணுக்குப் போகிற பாதையில் முந்தின ராத்திரி பெய்த மழையில் ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது. ஒரு சைடு வீல் பள்ளத்தில், ஒன்று மேட்டில். அவர் ஒற்றைக் காலை ஊன்றி, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். இளவயசில்கூட அப்படிப் பிடித்துக்கொண்டு வந்ததில்லை, அப்போது சைக்கிளை அவர்தான் மிதிப்பார். தொட்டிக்கு எதிரே, பரணை ஒட்டி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். நின்றோம். என்ஜின் டுப்டுப் என்று ஓடிக்கொண்டே இருந்தது. நான் பிரேக்கைப் பிடித்த கையை அசைக்கவில்லை.

தலைகள் நிமிர்ந்தன. ஒரு கிடா காலைத் தூக்கியது. தட்டவில்லை. தூக்கிய காலை யோசித்து யோசித்துக் கீழே வைத்துவிட்டு மேய்ந்தது.

நின்றோம். கொசு கடித்தது. அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. தொட்டிக்கு ரெண்டு வந்தன, குடித்தன, போயின. ஒரு தாயும் குட்டியும் வந்தன. ஒவ்வொன்றாக நான் காதைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ரெண்டு காதும் முழுசாக இருந்தது.

அப்போது காரைப் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டை வந்தது. தனியாக, மெதுவாக. வந்து நின்று தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. நான் மூச்சுவிடவில்லை. அது இன்னும் ரெண்டு அடி வைத்து எங்களுக்கும் தொட்டிக்கும் நடுவில் வந்து, மறுபடி சிலுப்பியது. இடது காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு மட்டும் நின்றது, கிழிந்த வெற்றிலை மாதிரி.

நான் சொல்ல வாயெடுக்கவில்லை. என் இடுப்பைப் பிடித்திருந்த கையை அவர் எடுத்துவிட்டார். அவருக்கே தெரிந்துவிட்டது.

பின்னால் அவர் வாய் திறக்கிற சத்தம் கேட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிற சத்தம். இப்போது டொக் என்று தட்டப் போகிறார், அது திரும்பிப் பார்க்கப் போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அந்தத் துண்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கூப்புடேன்யா" என்று உதட்டுக்குள் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். என் காதருகே குனிந்து, என்ஜின் சத்தத்துக்குள் மறைத்துச் சொன்னார்: "வேணாம். நான் கூப்ட்டு வந்துச்சின்னா, நாளிக்கி எவன் கூப்ட்டாலும் அவனாண்ட போவும். மேயட்டும்."

அது மேய்ந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு புல்லாகத் தேர்ந்தெடுத்து மேய்ந்தது. முதுகுப் புள்ளியெல்லாம் பளிச்சென்று இருந்தது. நல்ல உடம்பு. நான் கொண்டுபோன பாலில் வளர்ந்த உடம்பு, எனக்கும் அதில் பங்கு உண்டு. ஒருமுறை தலையைத் தூக்கி எங்களை நேராகப் பார்த்தது. ரெண்டு கிழங்கள், நாலு சக்கரம், ஓடுகிற என்ஜின். எங்களில் அதற்கு ஒன்றும் விசேஷம் தெரியவில்லை. குனிந்துகொண்டது. அவருக்கு அது வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் துண்டுக்குள் சிரிப்பது என் முதுகில் தெரிந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. அது போனால்தான் நாங்கள் போக முடியும். அணைத்தால் ஓடும், கிளம்பினால் விலகும். அது தொட்டியடியிலேயே படுத்து அசைபோட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் காத்திருந்தோம். வண்டிதான் காத்திருக்கவில்லை. ரெண்டு இருமல் இருமியது, ஒரு குலுக்குக் குலுக்கியது, நின்றுபோனது. பெட்ரோல்.

அந்த அமைதியில் அத்தனை தலையும் நிமிர்ந்தது. கிடா கத்தியது. காதறுந்தவள் எழுந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். படுத்திருந்த இடத்திலிருந்தே ஒரே தாவல், சூராப் புதருக்கு மேலே, முள் படாமல். நாலு காலும் திடமாக, ஒரு குறையும் இல்லாமல். அவர் "ஆஹா" என்றார். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தவர்தான்.

"பாத்தியா தாவனத்த? எந்த நாயி புடிக்கும் அத்த? சொல்லு, எந்த நாயி புடிக்கும்?"

"ஒரு நாயும் புடிக்காது. பெட்ரோல் பாக்கறது யாரு வேலை?"

"ஓட்றது யாரோ அவங்க வேல."

நான் கீழே இறங்கினேன். கேட் வரைக்கும் தள்ள வேண்டும். முன்னால் ஹேண்டிலைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று பார்த்தேன். சொல்லாமலே அவர் பின் சீட்டிலிருந்து கையை ஊன்றி நகர்ந்து முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலிருந்து குனிந்து தள்ளினேன். கல் சுமந்த உடம்பு, முதல் தள்ளிலேயே வண்டி நகர்ந்தது. கையில் கட்டு அவிழ்ந்து, க்ரேப் துணி நீளமாகத் தொங்கி, வளையல் குலுங்கியது. இனி யாரை எழுப்பப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

கேட்டில் வாட்ச்மேன் எங்களைப் பார்த்து ஓடிவந்தார். "இன்னாண்ணா, அக்கா உன்ன தள்ளிகினு வருது!"

"தள்ளட்டும்" என்றார் இவர். "எங்க காதறுந்தவ கீறாடா. நல்லா கீறா. நீ அந்தத் தெக்கால மதிலு சந்த மொதல்ல அடைக்கச் சொல்லு."

வாட்ச்மேனும் ஒரு கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். தெரு முழுக்கப் பார்த்தது. தண்ணீர்க் குடத்தோடு நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. குட்டியாக இருந்தபோது அது பால் குடித்த விதம், டாக்டரை உதைத்த விதம், மழைக்கு அவர் கட்டிலுக்கடியில் வந்து படுத்த விதம் என்று பேசிக்கொண்டே வந்தார். நான் தள்ளிக்கொண்டே வந்தேன். மூச்சு வாங்கியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதிக்கு ம் கொட்டினேன்.